என்பிஎம் ஸ்கிரிப்ட்டை மெனுவில் பார்த்து ஓட்ட: என்டிஎல்

நோட் (ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் மென்பொருள்) திட்டத்தின் அமைப்புக் கோப்பான பேக்கேஜ்.ஜேசனில் இருபது ஸ்கிரிப்ட் (பெயரிட்டு வைத்த கட்டளை) இருந்தால் பெயரெல்லாம் யாருக்கும் நினைவிருக்காது. என்பிஎம் என்பது நோடின் தொகுப்பு மேலாளர்; அதில் வெறும் ‘என்பிஎம் ரன்’ பட்டியலைக் காட்டும், தேர்ந்தெடுக்க விடாது. என்டிஎல் என்ற சிறு கருவி விடும். கீழே உள்ள கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

1. நிறுவ: என்பிஎம் இன்ஸ்டால் -ஜி என்டிஎல்

லினக்ஸில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ‘ஈஅக்செஸ்’ என்று பிழை வந்தால், நோட் சிஸ்டம் கோப்புறையில் இருக்கிறது, அங்கே எழுத உங்களுக்கு அனுமதி இல்லை என்று அர்த்தம். சூடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டும் கட்டளை) போட்டுத் தப்பிக்க வேண்டாம். கோப்புகள் ரூட் என்ற நிர்வாகியின் பெயருக்குப் போய், அடுத்த முறையும் சூடோ கேட்கும். நோட் பதிப்புகளை நிர்வகிக்கும் என்விஎம் வழியாக நோடை நிறுவுங்கள். அதிலும் ஒரு சிக்கல்: -ஜி போட்டு (எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவாக) நிறுவியவை நோட் பதிப்புக்குப் பதிப்பு தனி. பதிப்பை மாற்றியதும் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ வந்தால் என்டிஎல் கெட்டுப்போகவில்லை, புதிய பதிப்பில் அது இல்லை, அவ்வளவுதான். மறுபடி நிறுவினால் போதும்.

2. பேக்கேஜ்.ஜேசன் இருக்கும் கோப்புறையில் ‘என்டிஎல்’ என்று தட்டுங்கள். அம்புக்குறியால் நகர்த்தி என்டர்.

ப்ரீ, போஸ்ட் என்று பெயர் தொடங்கும் ஸ்கிரிப்ட்களை (இன்னொன்றுக்கு முன்னும் பின்னும் தானாக ஓடுபவை) மெனு மறைத்துவிடும். ‘ப்ரீவியூ’ மாதிரி ஒன்றைக் காணோம் என்றால் முதலில் --ஆல் போட்டுப் பாருங்கள். பட்டியல் நீளமா? --ஆட்டோகம்ப்ளீட், இரண்டு எழுத்து தட்டினாலே சுருங்கிவிடும். இதை விட்டால் எனக்கு வேலை ஓடாது.

3. விளக்கம் சேர்க்க. ஜேசனில் கமெண்ட் எழுத முடியாது என்பதால் இது உண்மையிலேயே உதவும்:

"என்டிஎல்": { "டிஸ்கிரிப்ஷன்ஸ்": { "பில்ட்:சிஎஸ்எஸ்": "ஸ்டைல் கோப்புகள் மட்டும்" } }

இது ‘ஸ்கிரிப்ட்ஸ்’ அடைப்புக்குள் போகக் கூடாது, அதற்கு வெளியே, அதே மட்டத்தில். ஸ்கிரிப்ட் பெயர் கோலன் உட்பட அப்படியே பொருந்த வேண்டும். பார்க்க: என்டிஎல் --டிஸ்கிரிப்ஷன்ஸ்

4. பலவற்றை ஓட்ட --மல்டிபிள்; ஸ்பேஸ் தட்டிக் குறியிட்டு என்டர். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. டெவ் சர்வரையும் டெஸ்ட்டையும் சேர்த்துக் குறித்தால், சர்வர் முடியவே முடியாது, டெஸ்ட் தொடங்கவே தொடங்காது. இரண்டு டெர்மினல் திறந்துகொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: என்பிஎம்முக்குப் பதிலாக பிஎன்பிஎம், யார்ன் பயன்படுத்துவோர் ‘என்டிஎல்_ரன்னர்’ என்ற சூழல் மாறியில், முழுக்கப் பெரிய எழுத்தில், அந்தப் பெயரைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் என்பிஎம்தான் ஓடும். நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் சிஐ சர்வரில் என்டிஎல் வேண்டாம்; மெனுவில் தேர்ந்தெடுக்க அங்கே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. நேராக ‘என்பிஎம் ரன் பில்ட்’ என்றே எழுதுங்கள்.