ஒரே மெட்டின் வழியே ரால்ஃப் வான் வில்லியம்ஸைக் கேட்டறிதல்

ஆங்கிலேய இசையமைப்பாளரும் இசைக்கோர்ப்பாளருமான ரால்ஃப் வான் வில்லியம்ஸின் (1872–1958) வாழ்க்கையை அவருடைய ஒன்பது சிம்பொனிகளின் வரிசையில் அறிய முயன்றால் பாதி வழியிலேயே களைப்பு வந்துவிடும். பிறர் பாடிய மெட்டுகளை அவர் எவ்வாறு கோர்த்தார், அதாவது குரல்களுக்கும் கருவிகளுக்கும் ஏற்ப எவ்வாறு அமைத்துத் தந்தார் என்பதிலிருந்து தொடங்குவதே என் பரிந்துரை. அவருக்கு இசைக்கோர்ப்பு பிழைப்புக்கான உபதொழிலாக இல்லாமல், சொந்தப் படைப்புக்கே ஊற்றாக இருந்தது. தேடத் தொடங்குமுன் ஒரு சிறு எச்சரிக்கை: ‘வான் வில்லியம்ஸ்’ முழுவதுமே குடும்பப் பெயர் என்பதால், நூலகப் பட்டியலில் ‘வில்லியம்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் அவர் அகப்படமாட்டார். முதற்பெயரையும் அவர் ‘ரேஃப்’ என்றே உச்சரித்தார்.

முதலில் ஒரு குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் வகுத்துக்கொண்டு, ஒன்றில் அவர் சேகரித்தும் கோர்த்தும் தந்தவற்றையும், மற்றொன்றில் அவருடைய சொந்தப் படைப்புகளையும் ஆண்டுவாரியாகக் குறித்து வாருங்கள். முதற்பத்தி 1903 டிசம்பரில் தொடங்கட்டும். எசெக்ஸ் பகுதியின் இங்க்ரேவ் என்ற சிற்றூரில் முதிய தொழிலாளி ஒருவர் பாடக் கேட்டு அவர் ஒரு நாட்டுப்பாடலை எழுதிக்கொண்டது அப்போதுதான். அதன்பின் எண்ணூறுக்கும் மேற்பட்ட பாடல்களை அவர் சேகரித்தார். அதே காலத்தில் ‘இங்கிலிஷ் ஹிம்னல்’ என்ற பாமாலைத் தொகுப்பின் இசைப் பதிப்பாசிரியராகவும் பணியாற்றி, வயல்வெளிகளிலும் மதுக்கடைகளிலும் கேட்ட மெட்டுகளைத் தேவாலயப் பாடல்களுக்குப் பொருத்தினார். அத்தொகுப்பு 1906இல் வெளிவந்தது.

அடுத்து, ஒரே ஒரு மெட்டைத் தேர்ந்தெடுத்துப் பின்தொடருங்கள். ‘டைவ்ஸ் அண்ட் லாசரஸ்’ என்ற பழம்பாடலின் மெட்டு இதற்கு மிகப் பொருத்தமானது. எந்தத் துணைக்கருவியும் இல்லாமல் ஒருவர் தனியே பாடிய பதிவொன்றைக் கேட்டு, நீங்களே முணுமுணுக்கும் அளவுக்கு அதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பின்னர் 1906 தொகுப்பில் ‘கிங்ஸ்ஃபோல்டு’ என்ற பெயரில் அது நான்கு குரல்களுக்கான பாமாலையாக மாறியிருப்பதைக் கேளுங்கள். மேற்குரலை விட்டுவிட்டு, அடிக்குரல் நகரும் வழியை மட்டும் ஒருமுறை தொடர்ந்து பாருங்கள். மூன்றாவதாக, ராணுவ வாத்தியக் குழுவுக்காக அவர் 1923இல் எழுதிய ‘இங்கிலிஷ் ஃபோக் சாங் சூட்’ என்ற நாட்டுப்பாடல் தொகுப்பிசையின் முதற்பகுதியில் அதே மெட்டைக் கனத்த பித்தளைக் கருவிகள் முழங்க, அதன்மேல் மரக்குழல் கருவிகள் வேறொரு கதியில் துள்ளுவதைக் கவனியுங்கள். கடைசியாக, நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக எழுதப்பட்டு 1939இல் அரங்கேறிய ‘ஐந்து மாற்றுருவங்கள்’. இதில் தந்திக் கருவிகளும் யாழும் மட்டுமே. அவர் மெட்டை மாற்றினாரா, மெட்டு அவரை மாற்றியதா என்று பிரித்துச் சொல்ல முடியாத இடத்துக்கு நாம் வந்துவிடுகிறோம். அவசரப்படாமல் ஒரு வாரம் முழுவதையும் இந்த நான்குக்கே கொடுக்கலாம்.

இரண்டாம் பத்தியில் 1910ஐத் தடித்த எழுத்தில் குறியுங்கள். பதினாறாம் நூற்றாண்டின் தாமஸ் டாலிஸ் அமைத்த ஒரு மெட்டை அவர் முன்பே பாமாலைத் தொகுப்பில் சேர்த்திருந்தார்; அதிலிருந்து கற்பனையாக விரிந்த ‘ஃபேண்டேசியா’ என்ற கட்டற்ற வடிவப் படைப்பு அவ்வாண்டு செப்டம்பரில் குளோஸ்டர் பேராலயத்தில் முதன்முதலாக ஒலித்தது. பெரிய தந்திக்குழு, ஒன்பது பேர் கொண்ட சிறுகுழு, நால்வர் குழு என மூன்றும் ஒன்றுக்கொன்று மறுமொழி சொல்வதால், இதை இரண்டு ஒலிபெருக்கிகளிலோ ஹெட்ஃபோனிலோ கேட்பதே முறை. கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரு கொசுறு: டாலிஸின் மெட்டுக்கு அடிப்படையான ‘ஃபிரிஜியன்’ என்ற பழைய மேலைநாட்டு ஸ்வர அமைப்பின் ஸ்வரங்கள் தோடியின் ஸ்வரங்களே, ஆனால் கமகத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

1914இல், 42 வயதில், அவர் ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகே 1922இன் மூன்றாம் சிம்பொனியைக் கேளுங்கள். பெயர் ‘பாஸ்டரல்’ என்றாலும் அதன் கரு பிரான்சின் போர்க்களத்தில் உருவானது. அங்கே ஊதுகொம்பு பழகிய வீரர் ஒருவர் எட்டாம் ஸ்வரத்தை எட்ட முயன்று ஏழாவதிலேயே விழுந்துகொண்டிருந்த ஓசை, இரண்டாம் பகுதியின் தனி டிரம்பெட்டில் மீண்டும் எழுகிறது. அவரை இனிமையான கிராமியக் காட்சிகளின் இசைஞர் என்று மட்டும் எண்ணுவோருக்கு 1935இன் நான்காம் சிம்பொனியின் சீற்றமே தக்க மருந்து.

ஒன்பதாம் சிம்பொனியை இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1958 ஏப்ரலில் அது அரங்கேறியபோது அவருக்கு வயது 85. அப்போதும் மூன்று சாக்ஸபோன்களையும் டிரம்பெட்டைப் போன்ற, ஆனால் மென்மையாக ஒலிக்கும் ஒரு ஃப்ளூகல்ஹார்னையும் சேர்த்துப் புதிய ஒலி தேடியிருந்தார். பதிவுகளுள் இசைக்குழு நடத்துநர் ஏட்ரியன் போல்ட் அதே 1958இல் நடத்தியதைத் தேர்ந்தெடுங்கள். ஆகஸ்டு 26 அன்று அந்தப் பதிவு தொடங்கவிருந்த சில மணி நேரத்துக்கு முன் இசையமைப்பாளர் காலமானார். அச்செய்தியைப் போல்டே பேசிச் சொல்லும் சிறு முன்னுரையோடு அந்த இசைத்தட்டு தொடங்குகிறது.