பாசிக் கயிற்றில் இரண்டு தலைமுறை: கூட்டாளி சேர்ப்பது எப்படி?

மண்டபம், பாம்பன் கரையில் கடல்பாசி வளர்க்க, 12 அடி மூங்கில் மிதவை ஒன்றின் கயிறுகளில் சுமார் 60 கிலோ விதைப்பாசி, அதாவது வளர விடும் பாசித் துண்டுகள், கட்ட வேண்டும். கைக்குத்தான் வேலை, வாய் பேசிக்கொண்டே இருக்கலாம். வயது வித்தியாசம் மறந்து பழக இதைவிட நல்ல இடம் இல்லை.

இருபது வயதுப் பெண்ணையும் ஐம்பதைத் தாண்டிய அக்காவையும் ஒரே கயிற்றில் பக்கத்துப் பக்கமாக உட்கார வையுங்கள். எதிரே உட்கார்ந்தால் விரல் தலைகீழாகத் தெரியும், முடிச்சு பிடிபடாது. இறுக்கினால் தண்டு அறும். தளர்ந்தால் அலை கொண்டுபோகும். அறுவடை வரை, அதாவது 45 நாள், ஜோடியை மாற்றாதீர்கள்.

வாடை, கச்சான் காற்றின் குணத்தை அக்கா சொல்லட்டும். செல்போனில் வானிலை எச்சரிக்கை பார்ப்பதை இளையவர் காட்டட்டும். இளையவரே போனை வாங்கித் தட்டிக் காட்டினால் அக்கா கற்றதாகாது. அக்காவின் விரலே தொடட்டும். வங்கி ரகசிய எண்ணை மட்டும் கேட்கவே கூடாது.

உறவு முறிவது பெரும்பாலும் கூலியில்தான். ஈர மூட்டை தூக்குவது முழுக்க இளையவர் தலையில் விழும், பங்கு மட்டும் சமமாக இருக்கும். முதல் நாளே பேசி முடியுங்கள். தப்பைத் தனியாகச் சொல்லுங்கள், நாலு பேர் முன்னால் வேண்டாம்.

பழகிவிட்டால் பலன் கரையோடு நிற்காது. தனியாக இருக்கும் அக்கா ஒரு காலை வரவில்லை என்றால் கதவைத் தட்ட ஆள் இருக்கும். கைக்குழந்தைக்காரிக்குக் குழந்தையை வைத்துக்கொள்ள ஒரு மடி கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக் கூலியை நம்பிய வீட்டில் அடுப்பெரிகிறதா என்று கேட்க வேண்டிய நாட்கள் அவை. கேளுங்கள்.