நீளமான ஆங்கிலச் சொற்கள்: எழுத்து ஒத்தால் பொருள் ஒக்குமா?

"டீச்சர், அப்பா வாங்கின நகைக்கடன் ரசீதுல பிரின்சிபல்னு போட்டிருக்கு. காலேஜ் பிரின்சிபலுக்கும் கடனுக்கும் என்ன சம்பந்தம்?"

சாயங்காலம் எங்கள் காரைக்குடி வீட்டுத் திண்ணையில் படிக்க வரும் பிள்ளை கேட்டாள். பேங்க் தேர்வுக்குத் தயார் செய்கிறாள். அவள் நோட்டைப் பார்த்தேன். 'பிரின்சிபல் - கல்லூரி முதல்வர். பிரின்சிபிள் - கொள்கை.' அழகான கையெழுத்து. ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று கோடு போட்டு முடித்துவிட்டாள். நீளமான சொற்களைப் படிக்கிறவர்கள் செய்யும் தவறுகளில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அவள் கேள்விக்குப் பதில் நம் ஊர்ப் பேச்சிலேயே கிடக்கிறது. வட்டிக்கு விட்ட பணத்தை என்னவென்று சொல்கிறோம்? முதல். கல்லூரித் தலைவர்? முதல்வர். பணம் போட்டுத் தொழில் நடத்துகிறவர்? முதலாளி. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் பிரின்சிபல்தான். 'முதலாவது' என்று பொருள் தரும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. செட்டிநாட்டுக்காரர்கள் பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன காலத்தில், ஊரில் இருந்த முதலாளியை ஆங்கிலத்தில் பிரின்சிபல் என்றும், ரங்கூன் கடையை அவருக்காக நடத்தியவரை ஏஜென்ட் என்றும் எழுதினார்கள். இன்றைக்கும் ஒப்பந்தச் சட்டத்தில் அந்த இரண்டு சொற்கள்தான். ஆகவே ஏ, எல் என்று முடிந்தால் 'முதல்' என்ற எண்ணத்தை வைத்துக்கொண்டு இடத்தைப் பாருங்கள், பொருள் தானாக வந்துவிடும். எல், ஈ என்று முடிந்தால் கொள்கை, நெறி. இப்படிச் சொன்னதும் அவள் பழைய கோட்டை அடித்துவிட்டு, நடுவில் 'முதல்' என்று எழுதி மூன்று கிளை போட்டாள். வேரைத் தமிழில் பிடித்துக்கொள்ள முடிகிற சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

அடுத்தது, ஆங்கிலச் சொல்லைத் தமிழில் மட்டும் எழுதிப் படிப்பது. பிள்ளைகள் வசதிக்காகச் செய்கிறார்கள், நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் தமிழில் எழுதும்போது வேறுபடுகிற அந்த ஓர் எழுத்து மறைந்துபோகிறது. 'ஸ்டேஷனரி' என்று எழுதினால் ஒரு சொல். ஆங்கிலத்திலோ அது இரண்டு. கடைசிக்குச் சற்று முன்னால் ஏ வந்தால் அசையாமல் நிற்பது, ஈ வந்தால் பேப்பர், பேனா, நோட்டு. இரண்டும் சொந்தக்காரச் சொற்கள்தான். தெருத் தெருவாகச் சுமந்து விற்றவர்களைப் போல இல்லாமல், ஓர் இடத்தில் கடை போட்டு உட்கார்ந்து புத்தகம் விற்றவரை அந்தக் காலத்தில் ஸ்டேஷனர் என்றார்கள். அவர் விற்ற சரக்குதான் ஸ்டேஷனரி. 'காம்ப்ளிமென்ட்' என்பதும் இப்படித்தான். "கண்டாங்கிச் சேலை உங்களுக்கு எடுப்பா இருக்கு ஆச்சி" என்று சொன்னால் அது பாராட்டு, நடுவில் ஐ வரும். அந்தச் சேலைக்குப் பொருத்தமாக அமைந்து அதை நிறைவாக்கும் ரவிக்கை, நடுவில் ஈ வரும் காம்ப்ளிமென்ட். 'கம்ப்ளீட்' என்ற சொல்லில் இருக்கும் அதே ஈ என்று நினைவு வைத்துக்கொண்டால் மாறாது.

சரி, சொல்லைப் பிரித்துப் படித்தால் போதுமா? பிரிப்பது நல்ல பழக்கம். செய்யுளைப் பதம் பிரித்துப் படித்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே காரைக்குடியில் 'சிக்ரி' என்று எல்லோரும் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆங்கிலப் பெயரில் வரும் 'எலக்ட்ரோகெமிக்கல்' 15 எழுத்துச் சொல். மின்வேதியியல் என்ற தமிழ்ப் பெயரைப் போலவே அதையும் மின், வேதி என்று பிரித்துவிடலாம். 1953இல் திறக்கப்பட்ட நிலையம் அது. அதன் வழியாகத் தினமும் போகிற பிள்ளைகள்கூட அந்தப் பெயரை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். ஏன் அந்தச் சிரமம்?

ஆனால் முன்னால் 'இன்' வந்தால் 'இல்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடக் கூடாது. இது மதிப்பெண்ணோடு போகிற தவறு இல்லை, உயிருக்கே ஆபத்து. டேங்கர் லாரியின் பின்னால் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'தீப்பிடிக்காது' என்று ஒரு பையன் எனக்குப் பொருள் சொன்னான். 'எளிதில் தீப்பிடிக்கும்' என்பதுதான் சரி. 'ஃப்ளேமபிள்' என்றாலும் அதே பொருள்தான். இங்கே 'இன்' மறுப்பு இல்லை, மூட்டுவது என்ற பொருளுள்ள லத்தீன் வினையின் பகுதி. இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் எச்சரிக்கைப் பலகைகளில் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதும் வழக்கம் பல நாடுகளில் வந்தது. 'இன்வேல்யுவபிள்' என்பதும் மதிப்பில்லாதது இல்லை, விலைமதிக்க முடியாதது. 'இன்ஃபேமஸ்' என்றால் பெயர் தெரியாதவர் என்று நினைக்காதீர்கள். கெட்ட பெயர் எடுத்தவர்.

'டிஸ்இன்ட்ரஸ்டட்', 'அன்இன்ட்ரஸ்டட்' இரண்டையும் ஆர்வமில்லாதவர் என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். இரண்டாவதற்குத்தான் அது பொருள். முதலாவது, தனக்கு அதில் ஆதாயமோ சார்போ இல்லாதவர். 'இன்ட்ரஸ்ட்' என்றால் ஆர்வம், வட்டி, ஆதாயம் எல்லாமும்தான். நம்மிடம் 'பற்று' அப்படி வேலை செய்கிறது. பேரேட்டிலும் பற்று உண்டு, மனத்திலும் பற்று உண்டு. பாகப்பிரிவினைக்கு நடுவராக உட்காருகிறவர் அந்தச் சொத்தில் பற்றில்லாதவராக இருக்க வேண்டும், ஆனால் வழக்கைக் கேட்பதில் ஆர்வமில்லாதவராக இருந்துவிடக் கூடாது. இந்த வேறுபாட்டை இப்போது ஆங்கிலேயர்களே பேச்சில் விட்டுவிடுவது உண்டு. தேர்வில் விடாதீர்கள்.

கடைசியாக, இரட்டிக்கும் எழுத்துகள். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு ஒன்றை விடுதியாக மாற்றி, பெரிய பலகையில் 'அக்காமடேஷன்' என்று எழுதியிருந்தார்கள். ஓர் எம்தான் இருந்தது. பெயின்டர் பாவம், ஒலியைக் கேட்டு எழுதியிருப்பார். அதற்குள் சி இரண்டு, எம் இரண்டு. லத்தீனில் 'அட்', 'காம்' என்ற இரண்டு முன்னொட்டுகள் சேர்ந்து வந்த சொல் அது. 'அட்' முனையில் இருந்த டி, அடுத்து வந்த சி-யைப் பார்த்து சி ஆனது. 'மரம்' என்பதோடு 'கள்' சேர்ந்தால் 'மரங்கள்' ஆகிறதே, அப்படி. அப்புறம் 'காம்' கொண்டுவந்த எம்மும், அடுத்த பகுதியின் எம்மும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 'மிஸ்ஸ்பெல்' என்பதிலும் 'மிஸ்' ஓர் எஸ், 'ஸ்பெல்' ஓர் எஸ். 'டிஸப்பியர்' சொல்லில் 'டிஸ்' மட்டும்தான் எஸ் தருகிறது, அதனால் ஒன்று போதும், பி-தான் இரண்டு.

இந்த இரட்டை எழுத்தில் எனக்குப் பிடித்தது 'புக்கீப்பர்'. நம் கணக்குப்பிள்ளைதான். பத்தே எழுத்து, அதில் இரண்டு ஓ, இரண்டு கே, இரண்டு ஈ அடுத்தடுத்து வருகின்றன. மூன்று இரட்டைகள் இப்படி வரிசையாக நிற்கும் சொல் ஆங்கிலத்தில் அபூர்வம். பிள்ளைகள் ஒரு கே-யை விழுங்கிவிடுவார்கள். 'புக்' கே-யில் முடிகிறது, 'கீப்பர்' கே-யில் தொடங்குகிறது என்று எங்கள் வீட்டுப் பழைய பேரேட்டை எடுத்து நடுவில் திறந்து காட்டினேன். இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் பற்று, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் தையல். அன்றைக்கு அதைப் பார்த்த பிள்ளைகள் யாரும் அதற்கப்புறம் அந்தக் கே-யை விடவில்லை.