மா குடிக்கத் தொடங்கிய பிள்ளைக்குத் தாய்ப்பால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கிழமையோ இரண்டு கிழமையோ போத்தலில் மா, அதாவது டின்னில் வரும் பால்மா, குடித்த பிள்ளை திரும்ப முலைக்கு வருமா? பெரும்பாலும் வரும். பிறந்து முதல் சில கிழமைகளுக்குள் என்றால் இன்னும் சுலபம். பால் வற்றிப்போன வீடுகளில் விசாரித்தால், மா கொடுத்த நேரங்களில் மார்பிலிருந்து பால் எடுக்கப்படவேயில்லை என்பது தெரியவரும். மா கொடுப்பது வேறு, பால் எடுக்காமல் விடுவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் மற்றத் தவறுகள் பலவும் வருகின்றன.

கதை பெரும்பாலும் இரண்டாம் நாள் இரவில் தொடங்கும். பிள்ளை விடாமல் அழும். பக்கத்தில் நிற்கிற மாமியோ சின்னம்மாவோ, “பால் காணாது பிள்ளை, பசியில அழுகுது, கொஞ்சம் மாவைக் கரைச்சுக் குடு” என்பார். சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும். அந்த நாட்களுக்குப் பிள்ளைக்குத் தேவையானதும் கொஞ்சம்தான். பால் நிறைந்து வருவது வழமையாக இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில். சீசர் செய்தவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் தலைப்பிள்ளைக்காரருக்கும் இன்னும் ஒன்றிரண்டு நாள் பிந்தலாம். இது தெரியாமல் பதறிக் கொடுத்த மாவும் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை குறைந்ததாலோ எடை அதிகம் இறங்கியதாலோ டொக்டரே கொடுக்கச் சொன்ன மாவும் உண்டு. எதுவானாலும், கொடுத்ததை நினைத்து அழுதுகொண்டிருப்பதில் பயனில்லை. அடுத்த தடவை பிள்ளை விழிக்கும்போது என்ன செய்வது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே நாளில் மாவை நிறுத்துவது

என் பார்வையில் மிக ஆபத்தான தவறு இதுதான். “இண்டையிலிருந்து தாய்ப்பால் மட்டும்” என்று டின்னை எடுத்து மேல் தட்டில் வைத்துவிடுகிறார்கள். மார்பு இன்னும் அந்த அளவுக்குச் சுரக்கத் தொடங்கியிருக்காது. பிள்ளை முதல் நாள் அழும். அடுத்த நாள் அழாது, நன்றாகத் தூங்கும். வீட்டில் எல்லோரும் “பழகிட்டுது” என்று சந்தோஷப்படுவார்கள். பால் போதாத பிள்ளை சோர்ந்தும் தூங்கும். புதுப்பிள்ளை பாலுக்கு எழும்பாமல் நீண்ட நேரம் தூங்கினால் அதை நல்லதென்று எடுக்கக்கூடாது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது எழுப்பிக் கொடுக்க வேண்டும்.

முறை இதற்கு நேர்மாறானது. முதலில் பால் கூட வேண்டும், அதன் பிறகுதான் மா குறைய வேண்டும். ஒரு நாளைக்குக் கொடுக்கும் மொத்த மாவில் 50 மில்லிலீற்றர் அளவு குறைத்து, அப்படியே சில நாள் விட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கிழமை பிள்ளை 125 கிராமுக்குக் குறையாமல் ஏறியிருந்தால் அடுத்த 50ஐக் குறைக்கலாம். ஏறவில்லையா, குறைத்ததைத் திரும்பக் கொடுத்துவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். சிலருக்கு இரண்டு கிழமையில் முடியும், சிலருக்கு ஒரு மாதத்துக்கு மேலும் இழுக்கும்.

இதிலேயே இன்னொரு தவறு ஒளிந்திருக்கிறது. மாவைக் குறைப்பது என்று நினைத்துக்கொண்டு, அதே தண்ணீருக்கு ஒரு கரண்டி மாவைக் குறைத்துப் போடுகிறார்கள். ஒருபோதும் செய்யக்கூடாது. பிள்ளையின் வயிறு தண்ணீரால் நிரம்பும், சத்து கிடைக்காது, இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரைக்கும் போகலாம். குறைக்க வேண்டியது மொத்த அளவை. டின்னில் போட்டிருக்கிற கரண்டிக் கணக்கு மாறக்கூடாது.

தண்ணீர் என்றதும் யாழ்ப்பாணத்தில் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொல்ல வேண்டும். வலிகாமத்துத் தோட்டக் காணிகளை அண்டிய கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூட. சுண்ணக்கல் நிலம் என்பதால், பயிருக்குப் போட்ட உரம் மழையோடு சேர்ந்து நிலத்தடி நீருக்கு இலகுவாக இறங்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அது போத்தலில் குடிக்கிற கைக்குழந்தைகளை மனதில் வைத்துப் போட்ட எல்லை. நைத்திரேற்று கூடினால் பிள்ளையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். “நல்லாக் கொதிக்க வைச்சுத்தானே குடுக்கிறம்” என்பார்கள். கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். எனவே மா நிற்கும் வரைக்கும் தோட்டக் கிணற்றுத் தண்ணீரில் கரைக்க வேண்டாம்.

இரவுப் பாலை விடுவது

இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பது பாலுக்கும் அப்படியே பொருந்தும். நாளுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் வெளியே போக வேண்டும். பிள்ளை குடித்தாலும் சரி, கையால் பீச்சினாலும் சரி, பம்ப் போட்டாலும் சரி. மார்பில் பால் தேங்கி நின்றால் சுரப்பு தானாகவே குறையும். பாலைச் சுரக்கச் செய்கிற புரோலக்ரின் என்ற ஓமோன் இரவில்தான் கூடுதலாக வேலை செய்கிறது. ஆனால் எங்கள் வீடுகளில் முதலில் கைவிடப்படுவது இரவுப் பால்தான். தாய் களைத்துப்போனாள், படுக்கட்டும், இரவுக்கு அம்மம்மா போத்தலில் கொடுப்பார் என்று ஏற்பாடு செய்வார்கள். நல்ல மனதோடு செய்வதுதான். தாய்க்குத் தூக்கம் வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. அந்தத் தூக்கத்தைப் பகலில், பிள்ளையை அப்பம்மா வைத்திருக்கும் நேரத்தில் கொடுங்கள். இரவில் ஒரு போத்தல் தவிர்க்க முடியாதென்றால், அந்த நேரத்தில் தாய் பத்துப் பதினைந்து நிமிடமாவது பாலை எடுத்துவிட வேண்டும்.

பம்பில் வந்த அளவைப் பார்த்து மனம் உடைவதும் இதோடு சேர்ந்த தவறு. ஆரம்பத்தில் அடியை நனைக்கிற அளவுதான் வரும். நன்றாகப் பிடித்துக் குடிக்கிற பிள்ளை இழுக்கிற அளவுக்குப் பம்ப் பெரும்பாலும் இழுக்காது. எடுத்த பாலை மாவோடு கலக்காமல் தனியாக முதலில் கொடுங்கள். கலந்த போத்தலில் மிச்சம் விட்டால் தாய்ப்பாலும் சேர்ந்து கொட்டப்படும்.

பசி முற்றிய பிறகு முலையில் போடுவது

போத்தலில் சூப்பியை வாயில் வைத்த உடனேயே பால் ஓடும். முலையில் ஒரு நிமிடமாவது இழுத்த பிறகுதான் இறங்கும். பசி தலைக்கேறிக் கத்துகிற பிள்ளைக்கு அந்த ஒரு நிமிடப் பொறுமை கிடையாது, முதுகை வளைத்துத் திமிறும். அதைப் பார்த்து, “பிள்ளைக்கு முலை பிடிக்கேல்லை” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். தூக்கம் கலைந்து நாக்கை நீட்டும்போதே, கையைச் சூப்பும்போதே போட்டுப் பாருங்கள். அரைத்தூக்கத்தில் பல பிள்ளைகள் மறுப்பின்றிப் பிடிக்கும். ஏற்கெனவே கத்தத் தொடங்கிவிட்டால், கொஞ்சம் மா கொடுத்துப் பசியின் சூட்டைத் தணித்துவிட்டு, அப்புறம் முலைக்கு மாற்றலாம். சட்டை இல்லாமல் தாயின் நெஞ்சில் வெறும் மேலோடு கிடத்துவது இன்னும் நல்லது. பால் குடிக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த இடம் சண்டை நடக்கிற இடமாக இருக்கக்கூடாது.

காம்பை மட்டும் வாயில் கொடுப்பதும் போத்தல் பழக்கத்தால் வருவதே. வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, நாடி மார்பில் முட்டி, காம்பைச் சுற்றிய கறுப்பு வட்டத்தின் பெரும்பகுதி உள்ளே போக வேண்டும். விடாமல் நோகிறதென்றால் பிடி சரியில்லை. சுண்டு விரலை வாயோரத்தில் விட்டுக் கழற்றித் திரும்பப் போடுங்கள்.

மிச்ச மாவைச் சின்னக் கப்பில் பருக்கலாம். போத்தல்தான் என்றால் பிள்ளையை நிமிர்த்தி வைத்து, போத்தலைக் கிடையாகப் பிடித்து, இடையிடையே நிறுத்திக் கொடுங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. மெல்லிய குழாயின் ஒரு நுனியைக் காம்போடு ஒட்டி, மறு நுனியை மாப்பால் உள்ள கப்பில் விடுவது. பிள்ளை முலையை இழுக்க இழுக்க மாப்பாலும் வரும், மார்பும் தூண்டப்படும். வீட்டில் தானாகச் செய்து பார்க்காமல், ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டச் சொல்லிப் பழகுவது நல்லது.

சுறா வறையில் மட்டும் நம்பிக்கை வைப்பது

பால்சுறா வறை, உள்ளி, முருங்கையிலை எல்லாம் பால் சுரக்கும் என்று தருவார்கள். நல்ல சாப்பாடுதான், ருசியானதும்கூட, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் பால் எடுக்காத மார்பில் எந்த வறையும் பாலைக் கொண்டுவராது. பத்தியம் என்று தாய்க்குத் தண்ணீரைக் கட்டுப்படுத்துவது பிழை. தாகத்துக்குக் குடிக்க வேண்டும். பிள்ளைக்கு வெயில் என்று தண்ணீர், கற்கண்டுத் தண்ணீர் கொடுப்பது வேண்டாம், முலையில் குடிக்க வேண்டிய இடத்தை அது அடைத்துவிடும். தேன் ஒரு வயது வரைக்கும் கூடவே கூடாது. பால் கூட்டும் குளிசை என்று யாரோ சொன்னதைப் பாமசியில் வாங்குவதும் வேண்டாம். டொம்பெரிடோன் போன்றவை சிலருக்கு இதயத் துடிப்பைக் குழப்பும், டொக்டர் எழுதினால் மட்டும்தான் எடுக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடைக் குளிசை பாலைக் குறைக்கக்கூடியது. பால் கொடுப்பதைச் சொல்லிவிட்டு வேறு முறை கேளுங்கள்.

எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது

மார்பு மெத்தென்று இருக்கிறது, பிள்ளை அடிக்கடி கேட்கிறது, பின்னேரங்களில் சிணுங்குகிறது. இவை எதுவும் பால் காணாததற்கு அடையாளமில்லை. பார்க்க வேண்டியது சலமும் எடையும். முதல் கிழமைக்குப் பிறகு நாளுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் வெளிறிய சலம் போக வேண்டும். மாதத்துக்கு 500 கிராமாவது ஏற வேண்டும். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், ஊரில் மிட்வைப் என்று சொல்கிறவர், பிள்ளையை நிறுத்துக் கிளினிக் கொப்பியில் குறிப்பார். மா கொடுப்பது தெரிந்தால் ஏசுவார் என்ற பயத்தில் சிலர் அவரிடம் மறைக்கிறார்கள். மறைத்தால் அவர் தவறான கணக்கில் ஆலோசனை சொல்வார். எத்தனை மில்லிலீற்றர், எத்தனை தடவை என்று எழுதியே காட்டுங்கள்.

சலம் குறைந்து கடும் மஞ்சளானாலோ, பிள்ளை எழுப்பியும் எழும்பாவிட்டாலோ, மஞ்சள் காமாலை கூடினாலோ காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே யாழ் போதனா வைத்தியசாலைக்கோ கிட்டவுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ போய்விடுங்கள். ஒழுங்காகப் பால் எடுத்தும் சுரப்பு கூடவில்லையென்றால் தாயையும் பார்க்க வேண்டும்: நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், தைரொயிட் குறைந்திருக்கலாம், பிரசவத்தில் அதிகம் இரத்தம் போயிருக்கலாம். இவர்களில் சிலருக்கு முழுப்பால் வராமலே போகும். ஒவ்வொரு தடவையும் முலையில் போட்டுவிட்டு மிச்சத்தை மாவால் நிரப்புவார்கள். வருகிற பால் எவ்வளவாக இருந்தாலும் அது பிள்ளைக்குப் போகட்டும்.