கோடைமுகாம் நகைச்சுவைப் படத்துக்கு இரண்டாம் பாகம் எழுதுவது எப்படி

முதலில் பழைய படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்து, நாயகனுக்கு அதில் என்ன நெருக்கடி என்று ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். 2003இல் வந்த ‘டாடி டே கேர்’ படத்தில் அந்த வரி: வேலை போய்விட்டது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் தெரியாது. சிரிப்பு முழுவதும் அங்கிருந்துதான் வந்தது. 2007இல் வந்த ‘டாடி டே கேம்ப்’ கதையைக் கோடைமுகாமுக்குக் கொண்டுபோனது. அதே அளவு நெருக்கடியைக் கொண்டுபோகவில்லை. அந்த ஆண்டின் மிக மோசமான தொடர்ச்சிப் படத்துக்கான ராஸி என்ற கேலி விருது அதற்குத்தான் கிடைத்தது.

பழைய நடிகர் வரவில்லை என்றால் பாத்திரத்தின் பெயரையும் விட்டுவிடுங்கள். எடி மர்ஃபி செய்த சார்லியைக் கியூபா குடிங் ஜூனியரிடம் கொடுத்தார்கள். ஆஸ்கர் வாங்கிய நடிகர்தான். ஆனாலும் பார்ப்பவர் மனம் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். நாயகனின் மைத்துனனோ பக்கத்து வீட்டுக்காரரோ முகாமை நடத்தட்டும், அந்தச் சுமை இருக்காது.

முகாமில் ஐம்பது பிள்ளைகள் ஓடலாம்; பெயரும் வசனமும் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். ஆளுக்கு ஒரே ஒரு பிடிவாதம். முதல் பாகத்தில் ஃபிளாஷ் என்ற சூப்பர்ஹீரோவின் உடையைக் கழற்றவே மாட்டேன் என்கிற பையன் எவ்வளவு எளிதாக மனதில் நின்றான்! அப்படி ஒரு பிடிவாதத்தை மூன்று முறை பயன்படுத்துங்கள்: முதலில் சிரிப்பு, அடுத்து சிக்கல், கடைசியில் எதிர்முகாமை ஜெயிக்க அதுவே வழி. நடுவில் உள்ளதை விட்டுவிட்டால் கடைசி வெற்றி வானத்திலிருந்து விழுந்ததுபோல் இருக்கும்.

கழிவறை நகைச்சுவை தொண்ணூறு பக்கத் திரைக்கதைக்கு ஒன்று போதும். அதிலும் அசிங்கத்தைக் காட்டாதீர்கள், முகத்தைக் காட்டுங்கள். அப்பா கதவைத் திறக்கிறார். இரண்டு நொடி அசைவில்லை. மெதுவாகச் சாத்துகிறார். குனிந்து பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு மறுபடி திறக்கிறார். அங்கேயே காட்சியை வெட்டிவிடலாம், மீதியைப் பார்ப்பவரே பார்த்துக்கொள்வார்.

எழுதும்போதே கடிகாரத்தையும் கணக்கில் வையுங்கள். கலிஃபோர்னியா விதிப்படி ஆறிலிருந்து எட்டு வயதுப் பிள்ளை பள்ளி நாளில் நான்கு மணி நேரம்தான் நடிக்கலாம், விடுமுறையில் ஆறு. பக்கத்துக்குப் பக்கம் எட்டுப் பிள்ளைகளைப் பேசவிட்டால் நாள் போதாது. கிடைத்த டேக்கை வைத்துக்கொண்டு அடுத்த காட்சிக்கு ஓட வேண்டிவரும். பிள்ளைகள் கத்துவது மட்டும் மிஞ்சும். நெருப்பைச் சுற்றி உட்காரும் இரவுக்காட்சி இன்னும் கடினம்: மறுநாள் பள்ளி இருந்தால் இரவு 10 மணிக்குள் அவர்களை அனுப்பிவிட வேண்டும். அதனால் இருட்டியதும் பிள்ளைகளின் ஷாட்களை முதலில் முடித்துவிட்டு, அப்பாவின் குளோசப்பை அவர்கள் போன பிறகு, வெற்று மரக்கட்டைகளைப் பார்த்து அவர் பேசும்படி வைத்துக்கொள்ளுங்கள்.