புது ஸ்ட்ரீமிங் செட் வாங்கப் போறீங்களா? வடசென்னை வீடுகளில் வழக்கமாக நடக்கிற தப்புகள்

வீட்டில் பாட்டு கேட்கிற ஸ்ட்ரீமிங் சாமான்களில் ஏதாவது ஒரு கம்பெனி புது வரிசை இறக்கினால் போதும். சின்னதாக ஒரு ஸ்ட்ரீமர் (இணையத்திலிருந்து பாட்டை இழுத்து ஆம்ப்புக்குக் கொடுக்கிற பெட்டி), ஸ்கிரீன் வைத்த பெரிய ஸ்ட்ரீமர், ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே இருக்கிற ஒன்று, கூடவே ஒரு ஒயர்லெஸ் ஸ்பீக்கர் என்று நாலு பெட்டி வரும், பெரம்பூரிலும் கொளத்தூரிலும் இருக்கிற ஆடியோ பைத்தியங்கள் அன்றைக்கே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி "உள்ள என்ன டாக் சிப்பு?" என்று ஆரம்பிக்கும்; டாக் என்றால் டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்குப் புரிகிற மின் சிக்னலாக மாற்றுகிற சிப். இன்னொரு கட்சி வாட்டைப் பார்த்துவிட்டு "இன்னாபா, அறுபதுதானா?" என்று உதட்டைப் பிதுக்கும். இரண்டு தரப்பும் பெட்டியை இன்னும் கண்ணால் பார்த்திருக்காது. இந்தச் சண்டையைக் கேட்க எனக்குப் பிடிக்கும், ஆனால் அதை நம்பிக் காசைப் போடுவதில்தான் தப்பெல்லாம் தொடங்குகிறது. ஆப் தொங்குகிறது, வைஃபை விட்டு விட்டு வருகிறது, நாம் கேட்கிற சர்வீஸ் அதில் இல்லவே இல்லை என்கிற பேச்செல்லாம் மெதுவாக, எல்லோரும் வாங்கி முடித்த பிறகுதான் வரும்.

முதலில் வாட் கணக்கை முடித்துவிடலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு வாங்கி அசெம்பிள் பண்ணின செட்டோடு வளர்ந்தவர்களுக்கு 60 வாட் என்றால் சிரிப்புதான் வரும், ஏனென்றால் அவர்கள் பார்த்த ஸ்டிக்கரில் எல்லாம் 3000 வாட் பிஎம்பிஓ, அதாவது ஒரு கணத்துக்கு எட்டுகிற உச்சம், என்று இருந்தது. பிஎம்பிஓ-வுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது, யார் எதை வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். 2023-ல் வீம் (WiiM) கம்பெனி இறக்கிய ஸ்ட்ரீமிங் ஆம்ப்பான வீம் ஆம்ப்பில் ஒரு சேனலுக்கு 8 ஓம் தடையுள்ள ஸ்பீக்கரில் 60 வாட், 4 ஓமில் 120 வாட் என்று போட்டிருந்தார்கள். 60-க்கும் 120-க்கும் உள்ள வித்தியாசம் காதுக்கு வெறும் 3 டெசிபல். சாதாரண ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கே ஒரு மீட்டர் தூரத்தில் 85, 87 டெசிபல் கொடுத்துவிடும். 10-க்கு 12 ஹாலில் நாலைந்து வாட் போனாலே கீழ்வீட்டு அக்கா மேலே வந்து கதவைத் தட்டுவார். எத்தனை வாட் என்று கேட்பதோடு நிறுத்தாமல், எத்தனை ஓமில், எவ்வளவு டிஸ்டார்ஷனில் (ஒலி சிதைவில்) அளந்தது என்றும் பாருங்கள். 10 சதவீத டிஸ்டார்ஷனில் அளந்து பெரிய எண்ணைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சிப் கட்சிக்குச் சொல்ல அதைவிடக் குறைவுதான் இருக்கிறது. இன்றைக்கு நடுத்தர விலை ஸ்ட்ரீமரில் வருகிற டாக்கே நம் காது பிடிக்கிற எல்லையைத் தாண்டி நிற்கிறது. புது பெட்டியை மாட்டியதும் "பழசை விட என்னமா திறந்துகிச்சு" என்று சிலிர்ப்பவர்களில் பாதிப் பேர் கேட்டது கூடுதல் சத்தத்தைத்தான். ஒரு டெசிபல் ஏறினாலே அது தெளிவாக, நெருக்கமாகக் கேட்பதுபோல் மூளை எடுத்துக்கொள்ளும். நிஜமாகவே ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டிலும் ஈக்வலைசரை அணைத்துவிட்டு, 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் டெர்மினலில் பார்த்து, இரண்டையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டு வாருங்கள். அப்புறம் எது எது என்று உங்களுக்குத் தெரியாமல் வேறு யாராவது மாற்றி மாற்றிப் போடட்டும். இதைச் செய்தால் நிறைய விவாதம் அன்றைக்கே முடிந்துவிடும், அதனால்தானோ என்னவோ ஒருவரும் செய்வதில்லை. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பதிவின் நுணுக்கத்தைச் சொல்கிற எண்கள் ஆப்பில் மின்னுவதும் இதே சேர்த்திதான். டேப்பில் பதிவான பழைய பாட்டு புது உறைக்குள் வந்தால் டேப்பின் இரைச்சலும் கூடவே துல்லியமாக வரும்.

அடுத்தது சர்வீஸ். இதில் ஏமாந்தவர்கள் அதிகம். வெளிநாட்டு விமர்சனங்களில் டைடல் கனெக்ட், கோபஸ் கனெக்ட் என்று பக்கம் பக்கமாகப் புகழ்வார்கள். டைடல், கோபஸ் என்கிற அந்த இரண்டு பாட்டு சர்வீஸுமே இந்தியாவில் அதிகாரபூர்வமாகக் கிடையாது. இங்கே வீட்டில் ஓடுவது யூடியூப் மியூசிக், ஜியோசாவ்ன், ஸ்பாட்டிஃபை, கொஞ்சம் ஆப்பிள் மியூசிக். ஸ்பாட்டிஃபைக்குக் கனெக்ட் இருக்கிறது, பெரும்பாலான பெட்டிகளில் வந்துவிடும். யூடியூப் மியூசிக்கும் ஜியோசாவ்னும் பெரும்பாலான ஸ்ட்ரீமர்களின் சொந்த ஆப்பில் கிடையாது, கூகுள் காஸ்ட் வழியாக அனுப்பினால்தான் உண்டு. ஆக நம் ஊரில் சிப்புக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, காஸ்ட் இருக்கிறதா என்பது. ஐபோன் வீடாக இருந்தால், ஐபோனிலிருந்து வைஃபையில் பாட்டு அனுப்புகிற ஏர்பிளே இருக்கிறதா என்பது. "அதான் ப்ளூடூத் இருக்கே" என்பார்கள். ப்ளூடூத்தில் பாட்டு உங்கள் போனிலிருந்து போகிறது, போன் வந்தால் பாட்டு நிற்கும், போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் அறுந்துவிடும். காஸ்ட்டிலும் கனெக்டிலும் போன் வெறும் ரிமோட், பெட்டி தானே இணையத்திலிருந்து பாட்டை இழுத்துக்கொள்கிறது. ஸ்ட்ரீமர் வாங்குவதே அதற்குத்தான்.

விலை ஏறினால் வசதியும் ஏறும் என்று நினைப்பது இதோடு சேர்ந்து வருகிற தப்பு. 2024-ல் வீம் அல்ட்ரா வந்தபோது ஸ்கிரீன், டிவிக்கான எச்டிஎம்ஐ, ரெக்கார்டு பிளேயருக்கான போனோ இன்புட் எல்லாம் பார்த்து ஆர்வமாகக் காத்திருந்தவர்கள் தலையில் கைவைத்தார்கள், ஏனென்றால் அதே கம்பெனியின் மலிவான வீம் ப்ரோ மாடலில் இருந்த ஏர்பிளே இதில் இல்லை. வரிசையில் மேலே இருக்கிற மாடலில் கீழே இருப்பதெல்லாம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆப் விஷயம் இன்னும் பெரியது. நீங்கள் ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறீர்கள் என்று நினைத்தாலும் பாதிக் காசு சாஃப்ட்வேருக்குத்தான் போகிறது, அது உங்கள் கையில் இல்லை. ஒயர்லெஸ் ஸ்பீக்கர் செய்கிற சோனோஸ் கம்பெனி 2020 ஜனவரியில், பழைய மாடல்களுக்கு மே மாதத்தோடு அப்டேட் நிறுத்துகிறோம் என்று அறிவித்ததும் வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள், கடைசியில் பழையதுக்கு ஒரு ஆப், புதியதுக்கு ஒரு ஆப் என்று பிரிக்க வேண்டியதாயிற்று. அதே கம்பெனி 2024 மே மாதம் புது ஆப்பை இறக்கியபோது அலாரம், ஸ்லீப் டைமர் போன்ற சாதாரண வசதிகளே காணாமல் போயிருந்தன. அந்தக் கலவரம் அடங்காமல் 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரியே பதவியை விட்டுப் போனார். பழைய ஆம்ப்பில் சொருகிப் பாட்டு காஸ்ட் பண்ணுவதற்காக கூகுள் 2015-ல் வெளியிட்ட குரோம்காஸ்ட் ஆடியோவை 2019-ல் தயாரிப்பதை நிறுத்தியது, இருந்தாலும் பலர் வீட்டில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2025 மார்ச்சில் உள்ளே இருந்த ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி ஒரே நாளில் எல்லாம் படுத்துவிட்டது, சில நாளில் சரிசெய்தார்கள். எதிர்த் திசையிலும் கதை உண்டு. லாஜிடெக் 2012-ல் கைவிட்ட ஸ்க்வீஸ்பாக்ஸ் என்கிற ஸ்ட்ரீமர் பெட்டிகள் இன்னும் பாடுகின்றன, ஏனென்றால் அதன் சர்வர் சாஃப்ட்வேர் திறந்த மூலம், ஆர்வலர்கள் அதை லிரியான் என்ற பெயரில் இன்றும் நடத்துகிறார்கள். ஆப் இல்லாவிட்டாலும் இந்தப் பெட்டி எதற்காவது உதவுமா? ஆக்ஸ் இன்புட், ஆப்டிகல் இன்புட் இருந்தால் குறைந்தது ஆம்ப்பாகவாவது வாழும். ஒன்றும் இல்லாத ஒயர்லெஸ் ஸ்பீக்கர் ஆப் செத்த அன்றைக்குக் காயலான் கடைக்குத்தான்.

சரி, வைஃபை. பாட்டு விட்டு விட்டு வந்தால் நம்மவர்கள் முதலில் செய்வது பிளானை 40-லிருந்து 300 எம்பிபிஎஸ்க்கு ஏற்றுவது. தண்டச் செலவு. சிடி தரப் பாட்டைச் சுருக்காமல் அனுப்பினால்கூட 1.4 எம்பிபிஎஸ்தான், 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸே சுமார் 9.2, தரம் குறையாமல் சுருக்குகிற ஃபிளாக் வடிவில் வந்தால் அதைவிடக் குறைவு. பிரச்சினை வீட்டுக்குள் இருக்கிறது. தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ சுவரோடு சுவர் ஒட்டின வீடுகளில் போனை எடுத்துப் பார்த்தால் தெருவே வைஃபை லிஸ்ட்டில் நிற்கும், எல்லாம் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் முட்டிக்கொண்டிருக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல் அதில் மூன்றுதான்: 1, 6, 11. ரவுட்டரில் ஆட்டோவை எடுத்துவிட்டு இந்த மூன்றில் கூட்டம் குறைவான ஒன்றை நிலையாக வையுங்கள். ஒரே அறையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் போதும், ஆனால் அது பழைய வீட்டு ஒன்றரை அடிச் சுவரைச் சுலபமாகத் தாண்டாது. ஸ்ட்ரீமரை ஷோகேஸ் கண்ணாடிக்குள், இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் சொருகிவிட்டு சிக்னல் இல்லை என்று புலம்புவதையும் பார்க்கிறோம். இரும்பு வைஃபையைத் தடுக்கும், மூடின ஷோகேஸ் சூட்டை ஏற்றும். பெட்டியில் லேன் போர்ட் இருந்தால் சுவர் ஓரமாக ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள், பார்க்க அழகில்லைதான், இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

இன்னொன்று, "ஆப்புல பெட்டியே காட்ட மாட்டேங்குது" என்கிற புகார். பெரும்பாலும் பெட்டியில் ஒன்றும் இருக்காது. நெட்காரர் கொடுத்த ரவுட்டர் வாசலில் ஈபி மீட்டருக்கு மேலே, அதிலிருந்து நாம் வாங்கின ரவுட்டர் உள்ளறையில் என்று இரண்டு இருக்கும். ஸ்ட்ரீமர் ஒன்றில், போன் இன்னொன்றில். இரண்டும் தனித்தனி நெட்வொர்க்காகிவிடுவதால் ஒன்றை ஒன்று பார்க்காது. உள்ளறை ரவுட்டரை அக்சஸ் பாயின்ட் மோடுக்கு (தனி நெட்வொர்க் போடாமல் வாசல் ரவுட்டரின் நெட்வொர்க்கையே நீட்டுகிற முறைக்கு) மாற்றினால் தீர்ந்தது. கெஸ்ட் நெட்வொர்க்கில் பெட்டியைச் சேர்த்தாலும் இதே கதைதான்.

இப்போது அறை, இதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் 10-க்கு 10 அறை, உயரமும் பத்தடி என்பது சகஜம். ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 56 ஹெர்ட்ஸ் வரும். அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் அறை தானே சேர்ந்து முழங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்று முழக்கமும் ஒரே ஸ்வரத்தில் குவியும். பேஸ் கிட்டாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். அதனால்தான் ஒரே பாட்டில் ஒரு நோட் மட்டும் "கும்" என்று வயிற்றில் இடிக்கும், அடுத்த நோட் இருந்த இடம் தெரியாது. இதைக் கேட்டுவிட்டு "இந்த ஆம்ப்ல பேஸ் கன்ட்ரோலே இல்ல" என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். ஆம்ப் மேல் தப்பில்லை. ஸ்பீக்கரை மூலையிலிருந்து ஒரு அடியாவது வெளியே எடுங்கள், தலை பின்சுவரில் முட்டுகிற மாதிரி உட்காராதீர்கள். புது வரிசைகளில் அறைத் திருத்தம் வருகிறது, போன் மைக்கால் அளந்து சரிசெய்யும். முழக்கத்தைக் குறைக்க அது உதவும். அறை விழுங்கிவிடுகிற ஸ்வரத்தின் பள்ளத்தைச் சத்தம் ஏற்றி நிரப்பப் பார்த்தால் நிரம்பாது, ஆம்ப்தான் திணறும். பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரில் சப்வூஃபரை ஒட்டி வைக்காதீர்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நிஜமாகவே காசு எரிகிற இடம் ஒயரிங். ஆசாரியிடம் சொல்லிச் செய்த பிளைவுட் பாக்ஸ்கள் பல வீட்டில் இருக்கின்றன, அவற்றைப் புது ஸ்ட்ரீமிங் ஆம்ப்பில் மாட்ட ஆசை வருவது நியாயம்தான். ஒரு பாக்ஸுக்குள் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர் பேரலலாக இருந்தால் அது 4 ஓம். அதே சேனலில் இன்னொரு பாக்ஸையும் சேர்த்தால் 2 ஓம். 4 ஓம் அல்லது அதற்கு மேல் மட்டும் என்று போட்டிருக்கிற ஆம்ப் சத்தம் ஏற்றியதும் கட்டாகும், தொடர்ந்தால் போய்ச் சேரும். மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 3 சொச்சம் காட்டினால் 4 ஓம், 6 பக்கம் காட்டினால் 8 ஓம் என்று எடுத்துக்கொள்ளலாம். 2-க்குக் கீழே காட்டினால் கிட்டே போகாதீர்கள்.

இதைவிட ஆபத்து பழைய மூன்று ஒயர் பழக்கம். அசெம்பிள் செட்டில் இரண்டு ஸ்பீக்கரின் மைனஸும் கிரவுண்டுதான், ஆகவே அவற்றைச் சேர்த்து ஒரே ஒயராகக் கொண்டு போயிருப்பார்கள், ஒன்றும் ஆகாது. இப்போது வருகிற கிளாஸ் டி என்கிற வகை ஆம்ப்களில் பல பிரிட்ஜ் முறையில் ஓடுபவை, அவற்றில் மைனஸ் டெர்மினலிலும் சிக்னல் உண்டு. இரண்டு மைனஸையும் சேர்த்தாலோ பாடியில் எர்த் செய்தாலோ ஷார்ட். பழைய ஒயரை அப்படியே நம்பாமல் ஸ்பீக்கருக்கு இரண்டு என்று நாலு ஒயர் தனியாக இழுங்கள்.

"ங்ங்" என்று ஹம் கேட்டால் உடனே ஆம்ப்பைத் திட்ட வேண்டாம். டிவியும் செட்டாப் பாக்ஸும் இதோடு இணைந்திருந்தால் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள், ஹம் நின்றால் குற்றவாளி அதுதான். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் காற்றில் ஆர்சிஏ பின்கள் (ஆடியோ ஒயரின் முனைகள்) பச்சை பிடிக்கும், அவ்வப்போது கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும். சிங்கப்பூரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ மச்சான் எடுத்துவருகிறார் என்றால், பின்பக்கம் 120 வோல்ட் மட்டும் என்று அச்சிட்டிருக்கிறதா, இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்று அவர் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கடையிலோ ஆன்லைனிலோ வாங்கினால், திருப்பிக் கொடுக்கிற கெடு முடிவதற்குள் இரவு எட்டிலிருந்து பத்து மணிக்குள் ஓட்டிப் பாருங்கள், தெருவில் எல்லா வைஃபையும் விழித்திருக்கிற நேரம் அது. ஒரு தடவை மெயினை அணைத்துப் போடுங்கள். கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் எழுந்து, ஸ்ட்ரீமர் தானாக நெட்டைப் பிடித்து, போனில் அதன் பெயர் திரும்பத் தெரிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கி மாட்டினால்தான் வரும் என்றால், அட்டைப்பெட்டியைக் கிழிக்காமல் வைத்திருப்பது நல்லது.