பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11: கிராபிக்ஸ் கார்டை நீங்களே மாற்றலாம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துவிட்டது. ஜெராக்ஸ் கடை, டைப்பிங் சென்டர், பிள்ளைகள் படிக்கிற வீடு என்று இங்கே கடலூரில் எங்கே போனாலும் ஒரே கேள்விதான்: "சிபியுவையே மாத்தணுமா?" பல பேருக்குத் தேவையே இல்லை. 2019 வாக்கில் கடையில் அசெம்பிள் பண்ணி வாங்கிய மெஷின் என்றால் உள்ளே ரைசன் 5 2600 அல்லது ஐ5 9400எஃப் இருக்க வாய்ப்பு உண்டு, இரண்டுமே விண்டோஸ் 11-க்குத் தகுதியான பிராசஸர்கள். ஆனால் இரண்டிலும் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. அதனால் திரையில் படம் வந்தால் போதும் என்று ஜீஃபோர்ஸ் 210 மாதிரி 2009-ஆம் வருடத்துக் கார்டு ஒன்றைச் செருகிக் கொடுத்திருப்பார்கள். மெஷினில் எல்லாம் சரியாக இருக்க, அந்தக் கார்டு மட்டும் வழியை மறித்துக்கொண்டு நிற்கும்.

விண்டோஸ் 11 கேட்பது டைரக்ட்எக்ஸ் 12 (படம் வரைய மென்பொருள்கள் கார்டோடு பேசும் முறை), டபிள்யூடிடிஎம் 2.0 டிரைவர் (விண்டோஸின் டிஸ்ப்ளே டிரைவர் மாடல்). 210-க்குத் தெரிந்தது டைரக்ட்எக்ஸ் 10.1 வரைதான். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் ஆப் கிராபிக்ஸ் கார்டைச் சோதிப்பதில்லை, ஆகவே அது பச்சை டிக் காட்டியதை நம்பி இறங்கிவிடாதீர்கள். விண்டோஸ் பட்டனோடு ஆர் பட்டனை அழுத்தி, டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு எழுத்தைச் சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். டிஸ்ப்ளே என்ற பக்கத்தில் கார்டின் பெயர், டிரைவர் மாடல், ஃபீச்சர் லெவல் மூன்றும் இருக்கும். ஃபீச்சர் லெவல் வரிசையில் 12 என்று தொடங்கும் எண் இருந்தால் கார்டை மாற்றவே வேண்டாம்.

பிராசஸர் இன்டெல் ஏழாம் தலைமுறை அல்லது அதற்கும் பழையது என்றால் கார்டு வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். ஒரு சில விதிவிலக்கான பிராசஸர்கள் தவிர, எந்தக் கார்டு போட்டாலும் அந்த மெஷின் விண்டோஸ் 11-இன் பட்டியலுக்குள் வராது. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுப் பாருங்கள், தமிழ் டைப்பிங், பிரவுசர், பிரிண்டர் எல்லாம் ஓடும்.

சரி, கார்டு மாற்றத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. கடைக்குப் போகும் முன் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள், தனி ஆறு பின் வயர் வருகிறதா என்று பாருங்கள். மதர்போர்டின் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 75 வாட் வரை கொடுக்கும். அதற்குள் ஓடுகிற கார்டை எடுத்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும் வேலை மிச்சம். ஜிடி 1030 வெறும் 30 வாட், ஆபீஸ் வேலைக்கும் யூடியூபுக்கும் தாராளம். பையன் கேம் ஆடுவான், கொஞ்சம் வீடியோ எடிட்டிங்கும் உண்டு என்றால் ஜிடிஎக்ஸ் 1650-இல் தனி வயர் கேட்காத மாடலாகப் பார்த்து எடுங்கள். கேபினெட் ஒல்லியானது என்றால் லோ புரொஃபைல் தகடு (கார்டைப் பொருத்தும் குட்டையான தகடு) பெட்டிக்குள் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டு விற்கிறார்கள், இதைக் கவனமாகக் கேளுங்கள். 2017-இல் வந்தது ஜிடிடிஆர்5 மெமரி உள்ளது. அடுத்த வருடம் வந்தது சாதாரண டிடிஆர்4. மெமரி வேகம் ஒன்றில் நொடிக்கு 48 ஜிபி, மற்றதில் சுமார் 17 ஜிபிதான், ஆனால் பெட்டியைத் தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரை போய் வாங்கினாலும் சரி, புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் விசாரித்தாலும் சரி, ஆன்லைனில் ஆர்டர் போட்டாலும் சரி, பெட்டி மேல் ஜிடிடிஆர்5 என்று எழுதியிருந்தால்தான் பணம் கொடுக்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் என்றால் இன்னொரு ஆபத்து: பழைய கார்டுக்குள் பதிந்திருக்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளைத் திருத்தி 1050 டிஐ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் அந்தக் குட்டு உடைந்துவிடும்.

மானிட்டர் கேபிளையும் பாருங்கள். நீல நிற விஜிஏ பின்தான் என்றால் புதுக் கார்டில் அதற்கு இடமே இருக்காது, ஹெச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் கன்வர்ட்டர் ஒன்றைக் கையோடு வாங்கிவிடுங்கள்.

இனி மாட்டும் வேலை. முதலில் போட்டோ, டாலி பேக்கப், சான்றிதழ் ஸ்கேன் எல்லாவற்றையும் வெளியே இருக்கும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றுங்கள். ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பழைய கார்டின் ஸ்க்ரூவைக் கழற்றி, ஸ்லாட்டின் நுனியில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் கொக்கியை விரலால் அழுத்திக்கொண்டே கார்டை நேராக மேலே தூக்க வேண்டும். அது உடைவது அவசரத்தில் இழுக்கும்போதுதான். தேவனாம்பட்டினம் பக்கம் கடலை ஒட்டி வீடு இருப்பவர்களின் மெஷினில் ஸ்க்ரூ துருவேறி இறுகியிருக்கும், சரியான அளவு ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் திருகினால் தலை வழுக்கிவிடும். உப்புக்காற்று ஸ்லாட்டையும் விடாது. உள்ளே மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள், செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளை ஊதிவிடாமல் துணியால் துடைத்துவிட்டுச் செருகுங்கள். 'க்ளிக்' என்று கொக்கி விழ வேண்டும். மானிட்டர் கேபிளைக் கார்டில் செருக வேண்டும், மதர்போர்டின் பின்னால் இருக்கும் ஓட்டையில் இல்லை. இந்த பிராசஸர்களோடு அதில் படம் வராது.

அப்புறம் உடனே விண்டோஸ் 11-க்குத் தாவாதீர்கள். பழைய விண்டோஸ் 10-லேயே ஒருமுறை ஓட விட்டு, புது டிரைவர் போட்டு, படம் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். கோளாறு வந்தால் அது கார்டிலா விண்டோஸிலா என்று பிரித்துச் சொல்ல இதுதான் வழி.

அடுத்தது மதர்போர்டின் பயாஸ், அதாவது விண்டோஸ் எழும்பும் முன்பே ஓடும் அதன் அடிப்படை மென்பொருள். இங்கே வரிசை முக்கியம். டிஸ்க் மேனேஜ்மென்டில் உங்கள் டிஸ்க் எம்பிஆர் வகை (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் பழைய முறை) என்று காட்டினால் அதை முதலில் ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்ற வேண்டும். விண்டோஸ் 10-லேயே அதற்கு எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது, முதலில் வேலிடேட் போட்டு, அது தேறினால்தான் கன்வர்ட். அதைச் செய்யாமல் பயாஸில் சிஎஸ்எம்மை (பழைய முறையில் மெஷினைத் தொடங்க விடும் வசதி) ஆஃப் செய்தால் பழைய விண்டோஸ் எழும்பாது. டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாகப் போடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஜிபிடி ஆனதும் பயாஸுக்குள் போய் சிஎஸ்எம் ஆஃப், செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளோடு மட்டும் தொடங்கும் வசதி) ஆன், டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் வசதி) ஆன். ரைசனில் டிபிஎம் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் இன்டெலில் பிடிடி என்ற பெயரிலும் இருக்கும். 210 காலத்துக் கார்டுகளில் பெரும்பாலும் யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) ஃபர்ம்வேர் கிடையாது, சிஎஸ்எம்மை ஆஃப் செய்தால் திரை கறுப்பாகவே நிற்கும். கார்டை முதலில் மாற்றச் சொன்னது இதற்காகத்தான். புதுக் கார்டோடும் படம் வரவில்லையா, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மதர்போர்டின் பட்டன் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்து மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இனி விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே பென் டிரைவில் ஏற்றிப் போடுங்கள். இன்ஸ்டால் ஓடும்போது கரண்ட் போனால் எல்லாம் வீண், யூபிஎஸ் இல்லாதவர்கள் மின்தடை அறிவித்திருக்கும் நாளைத் தவிர்த்துவிடுங்கள். முடிந்ததும் என்விடியா தளத்தில் உங்கள் கார்டின் பெயரைக் கொடுத்து வரும் டிரைவரை மட்டும் போடுங்கள். ஜிடி 1030 சேர்ந்த பாஸ்கல் என்ற கார்டு தலைமுறைக்கு 580 தான் கடைசி டிரைவர் வரிசை. புதுக் கேம்களுக்கான மேம்பாடு 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, பாதுகாப்பு அப்டேட் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது. அதற்குப் பிறகும் பல வருடம் இதே மெஷினை ஓட்டப்போகிறோம் என்பவர்கள் கொஞ்சம் கூடப் போட்டு 1650-ஐயே எடுத்துவிடுங்கள்.